உயிர் இரைக்குப் பெரட்டு

பத்தே பத்து இறால் செத்துப்போனதற்காக ஒரு கமிட்டி பிறந்தது உலகத்திலேயே எங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கும். பிறந்த கமிட்டி செய்த முதல் காரியம், என் தையற்கடைக்கு வந்து ஐந்து கோட்டுக்கு அளவு கொடுத்தது. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. கோட்டுப் பையின்மேல் மஞ்சள் நூலால் மீசை நீண்ட இறால் ஒன்றைப் பின்னிக் கொடுத்தது இந்தக் கைதான். கூலியும் வாங்கிக்கொண்டேன், ஒளிப்பானேன்?

ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. மலாயாவில், லூபோக் சீனாவைத் தாண்டி ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு சீனர் மளிகைக் கடை, ஒரு மலாய்க்காரர் காப்பிக் கடை, என் கடை, படகு கட்டுகிற துறையாக ஒரு ஜெட்டி. பொது ஜெட்டி என்பதால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து தூண்டில் போடலாம். கொடுவா மீன் நிறைய வரும். ஆனால் அது துள்ளுகிற இறாலைத்தான் கடிக்கும், செத்ததைத் திரும்பிப் பார்க்காது. அந்த விஷயத்தில் கொடுவாவுக்கு இருக்கிற ரோஷம் நம்மில் பல பேருக்குக் கிடையாது.

எங்களுக்கெல்லாம் உயிர் இறால் பிடித்துக் கொடுத்தவன் வீரமுத்து. சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலை தலைகுப்புற விழுந்து, தோட்டத்தில் பாதியைக் காடாக விட்டு, அவன் குடியிருந்த லயத்து வரிசை வீட்டு ஜனங்களை லாரி லாரியாக ஏற்றி நாகப்பட்டினக் கப்பலுக்கு அனுப்பினார்கள். இவன் மட்டும் மனைவி முனியாயியின் கையைப் பிடித்துக்கொண்டு நழுவி, எங்கள் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டான். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். அதற்குமுன் இரண்டு தங்காமல் போயிருந்தன. மூன்றாவதைச் சுமந்துகொண்டு கப்பலின் அடித்தட்டில் கிடந்தால் தாயும் மிஞ்ச மாட்டாள் என்று தோட்டத்து மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அவனுடைய பயமெல்லாம் அது ஒன்றுதான்.

விடியும்போது சதுப்பில் நிற்கும் பாக்காவ் மர வேர்களுக்கு நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தள்ளுவலை போடுவான். பிடித்ததை மூங்கில் கூடையில் போட்டு, ஜெட்டித் தூணில் பாதி தண்ணீருக்குள் இருக்கும்படி கட்டி வைப்பான். கேட்பவருக்கு மண்ணெண்ணெய்த் தகரத்தில் கடல்நீர் மொண்டு, பத்துப் பன்னிரண்டு விட்டுக் கொடுப்பான். சும்மா கொடுத்துவிட மாட்டான். "வெயில்ல வெக்காதீங்கண்ணே. சிரட்டையால தண்ணிய அள்ளி அள்ளி ஊத்திக்கிட்டே இருங்க. தண்ணிக்கும் மூச்சு வேணும்லா" என்பான். தலைக் கொம்புக்குக் கீழே, கரும்புள்ளியில் படாமல் தூண்டில் ஊசியை ஏற்றினால் இறால் அரைமணி நேரம் துள்ளும் என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலாக்காவிலிருந்து காரில் வந்த பெரிய துரை ஒருவர் அவனிடம் பத்து இறால் வாங்கினார். வாங்கியவர் தகரத்தை நடுவெயிலில் வைத்துவிட்டு, கார் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றார். திரும்பி வந்து தூண்டிலில் மாட்டும்போது இறால் வெந்து சிவந்திருந்தது. ஒரு கொடுவா மேலே வந்து அதைப் பார்த்தது, துரையையும் பார்த்தது, வந்த வழியே போய்விட்டது. பக்கத்தில் இருந்த மலாய்க்காரர் இருவர் சிரித்துவிட்டார்கள்.

சிரித்தது அவர்கள். விளைந்தது 'பொது ஜெட்டி உயிர் இரைப் பராமரிப்புக் கமிட்டி.' துரை தலைவரானார். காரியதரிசியாகச் சவரியப்பன் நியமிக்கப்பட்டார். அவர் முப்பது வருஷம் தோட்டத்தில் ஆள்கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருஷத்தில் அவர் இறாலைத் தட்டில் பார்த்திருக்கிறாரே தவிர உயிரோடு பார்த்ததில்லை. கமிட்டியின் முதல் சட்டம் வெளிவந்தது: கமிட்டிப் பதிவேட்டில் சேராமல் இந்த ஜெட்டியில் எவரும் உயிர் இரை பிடிக்கவோ வைத்திருக்கவோ கூடாது.

அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. வேலையில் இருப்பதாகச் சீட்டு வைத்திராத தோட்டத்து ஆட்கள் எங்கே இருந்தாலும் பிடித்துக் கப்பலேற்றப்படுவார்கள். வீரமுத்து சீட்டுக் கேட்டு ஓடிய இடம் கமிட்டி ஆபீஸ். சவரியப்பனுக்குப் புதுக் கோட்டைப் போட்டுப் பார்ப்பதற்காக நானும் அங்கே நின்றிருந்தேன்.

"என்னடா வேலை செய்றே?" என்றார் சவரியப்பன்.

"இறால் புடிச்சுக் குடுக்கிறேங்க ஐயா."

"அது வேலை இல்ல. ஒருத்தன் தனியாப் போயி தனியா வர்றது வேலையாகுமா? வேலைன்னா ஆள் இருக்கணும், பெரட்டு இருக்கணும், ஆள் பேர் எழுதச் செக்ரோல் இருக்கணும். உனக்கு எத்தன ஆளு?"

"நான் ஒருத்தன்தாங்க."

"கூடையில என்ன இருக்கு?"

"அறுவத்தி நாலு இறால் இருக்குங்க. காலையில எண்ணுனேன்."

சவரியப்பனின் முகம் மலர்ந்தது. பேனாவை மையில் தோய்த்தார். "அப்பச் சரி. ஆளு அறுவத்தி நாலு. கங்காணி வீரமுத்து."

தோட்டத்தில் பதினெட்டு வருஷம் மரம் வெட்டியும் கிடைக்காத கங்காணி உத்தியோகம் இறாலால் கிடைத்ததில் வீரமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டான். "சீட்டுங்க ஐயா?" என்றான்.

"ஒரு மாசம் பெரட்டு ஒழுங்கா நடக்கணும். அப்புறந்தான் சீட்டு. இப்ப ஆளுங்க பேரச் சொல்லு."

"இறாலுக்குப் பேரு ஏதுங்க?"

"பேர் இல்லாம செக்ரோல் உண்டா? எத்தன வருஷம் தோட்டத்துல இருந்தே? பாரத்துல முதக் கட்டமே பேருதான். அது காலியா இருந்தா மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவான்."

வீரமுத்து கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பெரட்டு என்றால் அவனுக்குத் தெரிந்த பெரட்டு ஒன்றுதான். இருட்டு விலகுமுன் லயத்துக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள், கிராணி பெயரைக் கூப்பிடுவார், ஒவ்வொருவரும் 'வந்தேங்க' என்பார்கள். அந்த வரிசை அவன் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. ஒரு முனையிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். "காளிதாஸ், மருதமுத்து, பெத்தம்மாள், அங்கமுத்து, பெரியநாயகி, சின்னத்தம்பி, சுப்பம்மா..." எல்லாரும் கப்பலேறிப் போய்விட்டவர்கள். அறுபத்து மூன்றோடு வரிசை தீர்ந்துபோயிற்று.

"இன்னும் ஒண்ணு" என்றார் சவரியப்பன்.

"அவ்வளவுதாங்க. எல்லாரும் ஆயிருச்சு."

"இறால் அறுவத்தி நாலு, பேர் அறுவத்தி மூணா? என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறியா? சொல்லுடா, நேரமாகுது."

வாயில் முதலில் வந்ததை வீரமுத்து சொல்லிவிட்டான்: "முனியாயி."

சில நாள் கழித்துக் காலை ஆறு மணிக்கு ஜெட்டியில் பெரட்டு ஆரம்பமாயிற்று. மூங்கில் கூடை இனி ஆகாது என்று கமிட்டி சிமெண்டில் ஒரு தொட்டி கட்டியிருந்தது. மேலே புத்தம்புது அத்தாப்பு ஓலைக் கூரை. வெயில் படாமல் இருக்க நாலு பக்கமும் கித்தான் தட்டி, தைத்தது நான். தினம் மூன்று வேளை தண்ணீர் மாற்ற வேண்டும், முப்பத்திரண்டுக்கு மேல் ஒரு பக்கத்தில் நெருக்கக் கூடாது, வேலை நேரத்தில் தொட்டியருகே உரக்கப் பேசக் கூடாது. முனியாயி வந்து பார்த்துவிட்டு, "நம்ம குடிசை மூணு பக்கம் ஒழுகுது, இதுங்களுக்கு வந்த வாழ்வப் பாருங்க" என்று சிரித்தாள். அவளுக்கு அப்போது சிரிப்பு வந்தது.

சவரியப்பன் குடை பிடித்துக்கொண்டு பெயரைக் கூப்பிடுவார். வீரமுத்து தொட்டிக்குள் கையை விட்டு ஓர் இறாலைத் தூக்கிக் காட்டி, "வந்தேங்க" என்பான். துள்ளினால் முழுப் பேர், அதாவது முழுநாள் கணக்கு. சும்மா கிடந்தால் அரைப் பேர். கூப்பிடும்போது அடியில் போய் ஒளிந்தால் ஒழுங்கீனம் என்று சிவப்பு மையில் ஒரு புள்ளி. மூன்றாம் நாள் தொட்டியின் அடியில் வெறும் ஓடு ஒன்று முழு இறால் உருவத்தில் கிடந்தது. இறால் வளரும்போது ஓட்டைக் கழற்றும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். சவரியப்பன் குடையை மடக்கிவிட்டார்.

"எவன் ஓடுனான்?"

"ஓடலைங்க ஐயா. இது மேலோடு. கழட்டிப் போட்டிருக்கு."

"எனக்குச் சொல்லித் தர்றியா? முப்பது வருஷம் பாத்திருக்கேன்லா. ஓடுறவன் சட்டையக் கழட்டி லயத்துல போட்டுட்டு உள்ளே இருக்கிற மாதிரி காட்டிட்டுத்தான் ஓடுவான்."

அன்று தொட்டிக்குக் கம்பிவலை போட்டார்கள். இறால் அறுபத்து நாலும் உள்ளேதான் இருந்தன. ஆனாலும் எதிர்காலத்தில் ஓடக்கூடும் என்பதால் வலை நியாயம்தான் என்று தீர்மானம் எழுதப்பட்டது.

பெரட்டு இருந்தால் ஆஸ்பத்திரி இருக்க வேண்டும். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் அம்புரோஸ் வந்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்குத் தெரிந்த வியாதி ஒன்று, மருந்து ஒன்று. தொட்டியைக் குனிந்து பார்த்து, "ராத்திரியும் பகலும் தண்ணியிலயே கெடக்குதுங்க. காய்ச்சல் வராம என்ன செய்யும்?" என்று சொல்லி ஒரு போத்தல் கொய்னா மருந்தை உள்ளே கவிழ்த்தார். மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு இறால் மல்லாந்துவிட்டன. வீரமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. ஆள் செத்தால் விசாரணை, விசாரணை என்றால் சீட்டு இல்லை. யாரும் பார்க்குமுன் ஆற்றில் இறங்கி இருபத்திரண்டு புது இறாலைப் பிடித்து உள்ளே விட்டான். மாலையில் அம்புரோஸ் வந்து பார்த்தார். எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. 'சிகிச்சை பலித்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாரத்துக்கு ஒரு போத்தல் கட்டாயம் என்ற விதியும் அன்றே வந்தது. அதன்பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் வீரமுத்து ஆற்றில் இறங்கினான். கமிட்டியின் அறிக்கையில் மரணம் என்ற கட்டத்தில் சுழியமே வந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். மீன் பிடிக்கத்தானே இறால்? நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். தலைவர் துரையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வந்து, "பத்து இறால் கொடு" என்றார். சவரியப்பன் பணிவோடு குனிந்து, பதிவேட்டில் உள்ள ஆளைத் தூண்டிலில் மாட்டினால் மரணம் நேரும், மரணம் நேர்ந்தால் துரையே கையெழுத்திட்ட ஏழாம் விதிப்படி துரையின்மேல் விசாரணை வரும் என்று எடுத்துச் சொன்னார். துரை யோசித்தார். யோசித்துவிட்டு அடுத்த கூட்டத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லச் சவரியப்பன் தமிழில் சொன்னார்.

"கனவான்களே! உயிர் இரையின் பெருமை அது உயிரோடு இருப்பதில்தான் உள்ளது. தூண்டிலில் மாட்டிய மறுகணம் அது வெறும் இரை. நம் கமிட்டிக்கு முன்னே இந்த ஜெட்டியில் அநாகரிகமான முறையில் மீன்கள் பிடிக்கப்பட்டு வந்தன. கமிட்டி ஏற்பட்ட இந்த ஏழு வாரத்தில் ஒரு மீன்கூடப் பிடிபடவில்லை. இப்படிப்பட்ட ஒழுங்கை இந்தக் கடற்கரை இதற்குமுன் கண்டதில்லை."

கைதட்டினார்கள். கோட்டு தைத்த பாக்கிக்காகப் போயிருந்த நானும் தட்டினேன்.

ஏழு வாரமாக வீரமுத்துவால் ஓர் இறாலையும் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. ஏழரை மாத வயிற்றோடு முனியாயி சேற்றில் குனிந்து சிப்பி பொறுக்கினாள். அதைத்தான் இருவரும் அவித்துத் தின்றார்கள். "சீட்டு வரட்டும் புள்ள, எல்லாம் சரியாயிடும்" என்பான். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற மரத்தில் அவனை ஏற்றிவிட்டு நாங்களெல்லாம் கீழே நின்று வேடிக்கை பார்த்தோம்.

ஒரு மாசக் கெடு தாண்டியும் வராத சீட்டுக்குப் பதிலாக மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சவரியப்பன் தம்முடைய செக்ரோலை முத்துமுத்தான எழுத்தில் நகலெடுத்து அனுப்பியிருந்தார் அல்லவா? அதை அங்கே யாரோ உண்மையாகவே படித்துவிட்டார்கள். பட்டியலில் உள்ள அறுபத்து மூன்று பேர் சில மாதங்களுக்கு முன்தான் அரசாங்கச் செலவில் கப்பலேற்றப்பட்டவர்கள். அவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள்? ஏழு வாரமாக ஒரு வேலையும் செய்யாமல் ஜெட்டியில் எப்படி ஆஜராகிறார்கள்? கள்ளத்தனமாகக் கூட்டி வந்தவன் கங்காணிதான். ஆள் அறுபத்து நாலு, கங்காணி ஒன்று, எல்லாரையும் வரும் வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றிக் கப்பல் டிப்போவுக்கு அனுப்பவும்.

வீரமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. சவரியப்பன் வாசித்துக் காட்டியதும், அறுபத்து நாலாவது பெயரில் அவன் காது நின்றுவிட்டது.

"ஐயா, அது என் பொஞ்சாதி பேருங்க. வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுங்க எல்லாம் இறாலுங்கன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போட்டுடுங்க ஐயா."

சவரியப்பன் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இறால்னு எழுதுனா நான் யாரு? ஏழு வாரம் இறாலுக்குப் பெரட்டு எடுத்தவன் ஆயிடுவேன். துரை யாரு? அம்புரோஸ் யாரு? நான் எங்கயாவது மனுசன்னு எழுதுனேனா சொல்லு. பாரத்துல அப்படி ஒரு கட்டம் இல்ல, நானும் எழுதல. என் மேல ஒரு குத்தமும் கிடையாது."

"எம்பொஞ்சாதி கப்பல்ல செத்துப்போவாங்க ஐயா" என்று வீரமுத்து அவர் காலில் விழுந்தான். கெட்ட மனிதர் இல்லை சவரியப்பன். மனம் இளகிவிட்டது. இதற்கு ஒரு விசாரணை வைக்கலாம் என்றார்.

புதன்கிழமை விசாரணை. மேசைமேல் கண்ணாடி டம்ளரில் கடல்நீர் ஊற்றி, அறுபத்து நாலாம் நம்பர் இறாலைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெயில் படாமல் அதற்கு ஒரு தொப்பியைக் கவிழ்த்து நிழல் செய்தார்கள். எதிரே முனியாயி நின்றாள். அவளுக்கு நாற்காலி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, நானும் சும்மா இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"உன் பேர் என்ன?"

"முனியாயிங்க."

"இதுவரைக்கும் இந்த ஜெட்டியில நாப்பத்தி ஆறு பெரட்டு நடந்திருக்கு. நீ எத்தனையில நின்னே?"

"நான் எதுக்குங்க நிக்கிறேன்? அது இறாலுக்குத்தானே கூப்பிட்டாங்க?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"ஒண்ணுலயும் நிக்கலைங்க."

சவரியப்பன் பதிவேட்டைப் புரட்டினார். டம்ளரில் இருக்கும் முனியாயி நாற்பத்தாறு பெரட்டிலும் ஆஜர். முழுப் பேர் நாற்பத்து மூன்று, அரைப் பேர் மூன்று, சிவப்புப் புள்ளி கிடையாது. அம்புரோஸ் எழுந்து, இறாலுக்கு நாடி பார்க்க முடியவில்லை என்றும், ஆகையால் அதனிடம் ஒரு குறையும் காண முடியவில்லை என்றும் சாட்சி சொன்னார். செவ்வாய்க்கிழமைதோறும் மாற்றி மாற்றி விட்டதில் இந்த இறால் எத்தனையாவது முனியாயி என்பது வீரமுத்து ஒருவனுக்குத்தான் தெரியும்.

துரை தீர்ப்புச் சொன்னார். பதிவேட்டில் கண்ட முனியாயி டம்ளரில் இருப்பவள்தான். எதிரே நிற்கும் பெண் யாரென்று கமிட்டிக்குத் தெரியாது. யாரென்றே தெரியாத ஒருத்தியைக் கப்பலேற்றுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. அவள் போகலாம்.

முனியாயி தடாலென்று தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். வீரமுத்து துரையைப் பார்த்து, சவரியப்பனைப் பார்த்து, டம்ளரையும் பார்த்துக் கும்பிட்டான். சவரியப்பனுக்கே கண் கலங்கியது. "இரு இரு, உனக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன்" என்று ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். இத்தனை நாளாக அவன் அலைந்த சீட்டு. முத்திரையெல்லாம் குத்தியிருந்தது. சவரியப்பன் வாசித்தார்: "வீரமுத்து, கங்காணி, வேலையில் இருக்கிறான். வேலை செய்யும் இடம்: அவன் ஆட்கள் இருக்கும் இடம்."

"ஆளுங்க எங்கங்க இருப்பாங்க?"

"வெள்ளிக்கிழமை லாரி. அப்புறம் கப்பல். அப்புறம் நாகப்பட்டினம். ஆளுங்களத் தனியா அனுப்ப முடியுமா? கங்காணி கூடப் போவணும்லா. சீட்டுலயே இருக்கே."

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்தது. லாரியோடு வந்த கிராணி சிவசாமி என்ற ஒல்லியான மனிதர். அதற்குள் மூன்று தோட்டங்களைக் காலி செய்துவிட்டு வந்திருந்தார். லாரியில் மூட்டை முடிச்சோடு ஏற்கெனவே பலர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். "அறுவத்தி நாலு ஆளு எங்க?" என்றார். சவரியப்பன் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களைக் காட்டினார். சிவசாமி ஒரு தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார், இன்னொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எனக்குத் தலைக்கணக்கு சரியா இருந்தாப் போதும். பேரக் கூப்பிடுங்க."

சவரியப்பன் கூப்பிட்டார். காளிதாஸ் என்றார். தகரத்தில் சத்தமில்லை. தாமே "ஆஜர்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். மருதமுத்து, ஆஜர். பெத்தம்மாள், ஆஜர். லாரிக்குள் இருந்தவர்களில் ஓர் ஆள், "எங்க லயத்துப் பேருங்க மாதிரி இருக்கே" என்று தலையை நீட்டிப் பார்த்தார். வீரமுத்து தகரங்களுக்குப் பக்கத்தில் கையில் சீட்டோடு நின்றான். பழக்கத்தில் சிரட்டையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் அழுததைப் பார்த்தேன். என்னாலும் அடக்க முடியவில்லை.

"முனியாயி" என்றார் சவரியப்பன்.

"வந்தேங்க."

எல்லாரும் திரும்பினோம். குடிசைப் பக்கமிருந்து ஒரு துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு முனியாயி நடந்து வந்தாள். வயிறு முன்னால் வர, அவள் பின்னால் வந்தாள்.

"ஏய், நீ இல்லன்னு கமிட்டி முடிவு பண்ணியாச்சு. போ அந்தாண்ட" என்று சவரியப்பன் பதறினார்.

"கமிட்டி என்னமோ முடிவு பண்ணட்டுங்க. இப்பப் பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க. இறால் வாயத் தொறக்கல, நான் தொறந்தேன். முப்பது வருசமாப் பெரட்டு எடுத்தவருதானே நீங்க? கூப்பிட்டதுக்கு வந்தேன்னு சொன்னவளுக்குத்தானே பேரு போடுவீங்க?"

சவரியப்பனின் பேனா நடுவானில் நின்றது. அவர் வாழ்க்கையில் மாறாமல் நம்பிய சட்டம் அது ஒன்றுதான்.

வீரமுத்து சிரட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "வேணாம் புள்ள. உனக்கு விட்டுட்டாங்க. நீ இங்கயே இரு. கப்பல்ல உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன செய்வேன்?"

"ஆச்சுன்னா உங்க கையில ஆகட்டும். இங்க இருந்தா இவங்க கையிலதானே ஆகணும்? எனக்கு நாடி பாத்து, குறை ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க" என்றாள் முனியாயி. மூட்டையை லாரிக்குள் எறிந்தாள். உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் கை நீட்டி அவளைத் தூக்கிக்கொண்டார்கள்.

சிவசாமி பட்டியலைப் பார்த்தார். "இப்ப அறுவத்தி அஞ்சு ஆயிடுது. எனக்கு அறுவத்தி நாலுதான். ஒண்ண எறக்குங்க."

சவரியப்பன் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு தகரத்துக்குள் கையை விட்டார். கடைசியில் ஓர் இறாலைப் பிடித்துத் தொட்டியில் கொண்டுபோய் விட்டார். அது பெருமூச்சு விட்டிருக்குமோ என்னவோ, நான் கவனிக்கவில்லை. லாரி போய்விட்டது. வளைவு திரும்பும்வரை வீரமுத்து ஒரு கையால் தகரத்துத் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டும், மறு கையால் மனைவியைப் பிடித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கப்பலில் அவளுக்கு என்ன ஆயிற்று, பிள்ளை பிறந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டிப்போவுக்கு இரண்டு கடிதம் எழுதிப் போட்டேன். அதைக் கேட்பதற்கான பாரம் வேறு என்று பதில் வந்தது.

அன்று மத்தியானம் சவரியப்பன் என் கடைக்கு வந்து, தொட்டித் தூணில் தொங்கவிட ஒரு சீட்டுக்குத் துணிப்பை தைத்துத் தரச் சொன்னார். சீட்டைக் காட்டினார். 'முனியாயி, வேலையில் இருக்கிறாள். ஜெட்டியை விட்டு இவளை அப்புறப்படுத்தக் கூடாது' என்று எழுதி, துரை கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்குக் கத்தரிக்கோலைத் தொடக் கை வரவில்லை. கடையைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சவரியப்பன் குடை பிடித்துக்கொண்டு தொட்டியருகே வந்தார். அத்தாப்புக் கூரையின் கீழே, சுத்தமான தண்ணீரில் அது ஒன்றுதான் இருந்தது. "முனியாயி" என்று கூப்பிட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தாமே "ஆஜர்" என்று சொல்லி, முழுப் பேர் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.